அந்தக் கேள்வியைக் கவுன்டரில் வைத்துக் கேட்காதீர்கள்

எங்கள் மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும், இதே போன்ற படிவத்தை அச்சடித்து வைத்திருக்கும் மற்ற நிர்வாகங்களுக்கும், நர்சிங் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

புதிய அட்மிஷன் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், அலர்ஜி பற்றிய கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். "வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்பு உள்ளதா? ஆம் / இல்லை." வீட்டில் அடி வாங்குகிறவர்களைக் கண்டறிய அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று நினைத்தவருக்கு முதலில் நன்றி. நக்கலாகச் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படியொரு கேள்வி எந்தத் தாளிலும் கிடையாது. வாய்விட்டுக் கேட்டால், "குடும்ப விஷயம், உனக்கெதுக்கு?" என்று சீனியர்கள் அதட்டுவார்கள். அதிலிருந்து இந்த வரிக்கு வந்து சேர்ந்ததே பெரிய தூரம்தான்.

ஆனால் அந்த வரியை நாங்கள் எப்படி நிரப்புகிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் மணிக்கட்டு வீங்கி ஒரு பெண் வந்தார். (அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிபி பார்க்கப் பட்டையைச் சுற்றும்போது சட்டைக் கையை மேலே தள்ளினேன். மேல்கையின் உள்பக்கம் நான்கு விரல் பதிந்த தடம் இருந்தது. கணவர் ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் படிவத்தில் இருந்தபடியே கேள்வியைப் படித்தேன். "அதெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல சிஸ்டர், ஆம்னு போட்டுக்கங்க" என்றார் கணவர். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "ஆம்" என்று டிக் அடித்தேன்.

அந்த மாதம் அந்த வரி நூற்றுக்கு நூறு நிரப்பப்பட்டிருந்தது என்று நோட்டீஸ் போர்டில் பாராட்டு ஒட்டினீர்கள். அந்த நூறுக்குள் என்னுடைய பொய்யும் ஒன்று.

பொய்யோடு போனால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்குப் போனதும், "அந்த நர்ஸ் ஏன் உன்னிடம் அப்படிக் கேட்டாள்? நீ என்ன சொன்னாய்?" என்ற விசாரணை நடந்திருக்கும். கேட்ட கேள்விக்கான அடியை அவர் வாங்கியிருக்கலாம். தவிர, அடுத்த முறை ஒரு நல்ல மருத்துவர் தனியாக உட்கார வைத்துக் கேட்டாலும் அவர் வாய் திறக்க மாட்டார். இங்கே எப்படிக் கேட்பார்கள் என்று அவருக்குத்தான் தெரிந்துவிட்டதே.

உலக சுகாதார நிறுவனம் 2013இல் இது பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல், வருகிற எல்லாப் பெண்களிடமும் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லவில்லை. காயமோ அறிகுறியோ சந்தேகத்தைக் கிளப்பும்போது கேட்கச் சொல்கிறது. கர்ப்ப காலப் பரிசோதனையில் மட்டும் கொஞ்சம் விரிவாகக் கேட்பது பற்றி யோசிக்கலாம் என்கிறது. எப்போது கேட்டாலும் தனியிடம் இருக்க வேண்டும், கேட்பவருக்குப் பயிற்சி இருக்க வேண்டும், பதில் வந்தால் அடுத்து எங்கே அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். 2009இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆயிரக்கணக்கான பெண்களை வைத்து நடத்திய ஆய்வும், படிவத்தில் கேட்டு அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டுவதால் மட்டும் அவர்கள் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் வரவில்லை என்றே காட்டியது. கேள்வி தப்பில்லை. ஆனால் கேட்கிற இடமும் அதற்குப் பிறகு நடப்பதும் சரியாக இல்லாவிட்டால், அது இன்னொரு கட்டம், அவ்வளவுதான்.

எங்களுக்குக் கண் இல்லை என்று நினைத்து விடாதீர்கள். நாள் முழுக்க மனிதர்களின் உடம்பைத் தொடுகிற வேலை இது. மருத்துவர் மூன்று நிமிடம் பார்க்கிறவரை நாங்கள் குளிப்பாட்டுகிறோம், ஊசி போடுகிறோம், ராத்திரி போர்வை சரிசெய்கிறோம். கால் தடுக்கி விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றுவார். முழங்கால், மணிக்கட்டு, மூக்கு, தாடை அடிபடும். "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்பார்கள். காதுக்குப் பின்னாலும் மேல்கையின் உள்பக்கமும் முதுகிலும் அடிபட மாடிப்படிக்கு என்ன அவசியம்? ஓங்கிய கையைத் தடுக்கத் தன் கையைத் தூக்கியவருக்கு, முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் உடைந்திருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் பழைய டெக்னீஷியன்கள் ஒருமுறை எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம்.

காயமே இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவலி, அடிவயிற்று வலி, தூக்கமின்மை. எல்லா டெஸ்டும் நார்மல், மறுபடியும் அடுத்த மாதம் அதே வலி. ஏழாம் மாதத்தில்தான் முதல் செக்கப்புக்கு வருவார் ஒருவர். இன்னொருவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், கேட்டால் மாத்திரை வாங்கவில்லை என்பார். ஏன் வாங்கவில்லை என்று இரண்டாவது முறை கேட்டால்தான், காசு அவர் கையில் இல்லை என்பது வெளியே வரும். நம் சார்ட்டில் இதற்கு "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்று பெயர்.

இதெல்லாம் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. நானே தப்பாக நினைத்திருக்கிறேன். உடம்பெல்லாம் கன்றிப்போய் வந்த ஒரு பாட்டியின் மகனை இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிட்ட மாத்திரைதான் காரணம். மெதுவாகப் பிடித்துத் தூக்கினாலே கன்றிவிடும் தோல். மகன் ராத்திரியெல்லாம் அந்தப் பாட்டியின் கால் பிடித்துவிட்டவர். கன்றிய தடத்தின் நிறத்தைப் பார்த்து, "இது மஞ்சள், ஒரு வாரம் ஆச்சு" என்று சொல்வதும் நம்ப முடியாத கணக்கு. படிக்கும்போது எங்களுக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். இப்போது அது செல்லாது. பழைய பாடத்தை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை பேர் சார்ட்டில் நாள் குறிக்கிறார்களோ.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மடலில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதைப் படித்துவிடுங்கள்.

"கழுத்தைப் பிடிச்சார்" என்று ஒரு பெண் சொன்னால் அவசரப் பிரிவில் அது சின்ன விஷயமாகப் போய்விடுகிறது. ரத்தம் இல்லை, எலும்பு உடையவில்லை, நடந்து வருகிறார். காத்திருப்போர் வரிசையில் கடைசி. அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தில் போலீஸுக்கு வந்த 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வெளியில் எந்தத் தடமும் இல்லை. மீதியிலும் பெரும்பாலானவை படம் எடுக்கக்கூட முடியாத அளவுக்கு லேசானவை. தடம் இல்லாததால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால், சில நாள் கழித்துக்கூட பக்கவாதம் வரலாம். நாங்கள் பார்க்க வேண்டியது குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண் வெள்ளையிலும் இமைக்குள்ளும் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பதை. கேட்க வேண்டியது, கண் இருட்டியதா, நடுவில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே ஞாபகம் இல்லையா, அறியாமல் சிறுநீர் போனதா என்று. கடைசிக் கேள்விக்கு அவர்கள் கூசிப்போவார்கள். அது பயத்தால் வந்ததில்லை, மூளைக்கு ரத்தம் போகாததால் வந்தது என்று எடுத்துச் சொன்னால் மெல்லத் தலையாட்டுவார்கள்.

இன்னொன்று. 2008இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் அதிகம் என்று கணக்கிட்டது. ஆகவே, கழுத்தில் கை வைத்தார் என்று யார் சொன்னாலும், தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று, யாரை முதலில் பார்ப்பது என வரிசைப்படுத்தும் டிரையாஜ் தாளில் ஒரு வரி போடுங்கள். அட்மிஷன் படிவத்தில் போட்ட வரியைவிட இது உயிர் காக்கும்.

சரி, தனியாகப் பேசுவது எப்படி? இப்போது நாங்கள் செய்வது திருட்டு வேலை. "யூரின் சாம்பிள் வேணும், வாங்க" என்று பாத்ரூம் பக்கம் கூட்டிப்போவோம். எடை பார்க்க வேண்டும் என்போம். எக்ஸ்ரே அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்பது எங்களுக்குக் கிடைத்த வரம். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள், வீல்சேரைத் தள்ளிக்கொண்டே, ஒருவர் தன் வாழ்க்கையிலேயே யாரிடமும் சொல்லாததை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதை விதியாக்கிவிடுங்கள். யார் வந்தாலும், ஆணோ பெண்ணோ, காலில் முள் குத்தியவரோ நெஞ்சு வலிக்காரரோ, முதல் பத்து நிமிடம் தனியாகத்தான் பரிசோதனை. உடன் வந்தவர் வெளியே உட்கார வேண்டும். "இது இங்கே எல்லாருக்கும் உள்ள வழக்கம் சார்" என்று சொல்ல முடிந்தால் போதும். அவரை மட்டும் வெளியே அனுப்பவில்லை என்பதால் அவருக்குக் கோபப்பட ஒன்றுமில்லை. வீட்டில் போய் விசாரிக்கவும் ஒன்றுமில்லை. மொழி தெரியாதவர் என்றால் மொழிபெயர்க்க நம் ஆள் வேண்டும். "இருக்கட்டும், பையன் சொல்லிடுவான்" என்று எட்டு வயதுப் பிள்ளையை நிறுத்தி வைத்து அவன் அம்மாவின் காயத்தைப் பற்றி அவனிடமே கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்கும் வார்த்தையையும் மாற்ற வேண்டும். "வீட்டில் பிரச்சனை இருக்கா?" என்றால், "எந்த வீட்டுல இல்ல?" என்று சிரிப்பார்கள். "குடும்ப வன்முறை" என்பது போஸ்டரில் இருக்கும் வார்த்தை. அடி வாங்குகிறவர் தன் வாழ்க்கைக்கு அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார். நான் கேட்பது இப்படி: "இந்த மாதிரிக் காயத்தோடு வர்றவங்கள்ல சில பேரை வீட்டுல யாராவது அடிச்சிருப்பாங்க. உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்ததா?" அப்புறம், "வீட்டுல யாரையாவது பார்த்தா பயமா இருக்கா?" இல்லை என்றால் விட்டுவிடுவேன். "சரி, எப்ப வேணும்னாலும் வந்து சொல்லலாம், நான் இங்கதான் இருப்பேன்." முதல் தடவையே யாரும் சொல்வதில்லை. ஒருவர் நான்காவது தடவை வந்தபோது சொன்னார். முதல் மூன்று தடவையும் நான் கேட்டது வீண் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சொல்லிவிட்டால்? அங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். "இவ்வளவு நாள் ஏன் பொறுத்துக்கிட்டீங்க?" என்பது அக்கறையில் வருகிற கேள்விதான்; அவர் காதில் குற்றச்சாட்டாக விழும். "குழந்தைகளுக்காகக் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் எதிரான "உடனே கிளம்பி வெளியே வந்துடுங்க" என்பதும் ஆபத்தே. விட்டு விலகும் நேரமும் விலகிய பிறகான மாதங்களும்தான் கொலை வரைக்கும் போகிற காலம். எப்போது, எப்படி, எங்கே போவது என்று அவர்தான் கணக்குப் போட வேண்டும், நாம் கூட இருக்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்தது ஒரு நல்ல மனிதர். முன்பு வேறொரு இடத்தில் நான் வேலை பார்த்தபோது, மதிப்புக்குரிய மூத்த மருத்துவர் ஒருவர், "நான் பேசிப் பார்க்கிறேன்" என்று கணவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் புத்தி சொன்னார். கணவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார், தலையாட்டினார், நன்றி சொன்னார். அன்று ராத்திரியே கையெழுத்துப் போட்டு மனைவியை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிப்போய்விட்டார். அந்தப் பெண் மறுபடி எங்களிடம் வரவே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுக் கையேடு இதை ஐந்து வேலையாகப் பிரிக்கிறது: குறுக்கிடாமல் கேட்பது, என்ன வேண்டும் என்று விசாரிப்பது, அவர் சொல்வதை நம்புகிறோம் என்று காட்டுவது, ஆபத்தைக் கணித்துப் பாதுகாப்புக்கு வழி பார்ப்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுவது. முதல் மூன்றையும் நாங்கள் செய்துவிடுவோம், அதற்கு மனசும் காதும் போதும். நான்காவதற்குப் பயிற்சி வேண்டும். அதற்கென்று ஒரு கேள்வித்தாளை 1980களிலேயே உருவாக்கியவர் ஜாக்குலின் கேம்ப்பெல். அவரும் ஒரு நர்ஸ் என்பதில் எனக்கு ஒரு பெருமை. சமீபத்தில் அடி அதிகமாகியிருக்கிறதா, ஆயுதம் கையில் இருக்கிறதா, கொன்றுவிடுவேன் என்று சொன்னாரா, கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா, சந்தேகப் புத்தி உண்டா என்று போகிறது அந்தத் தாள். பதில்களைக் கூட்டிப் பார்த்தால் இன்று ராத்திரி இவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்று கொஞ்சமாவது தெரியும். ஐந்தாவது வேலை முழுக்க உங்களுடையது. ராத்திரி இரண்டு மணிக்கு நான் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? சமூகப் பணியாளர் பகல் டூட்டி மட்டும்தான் பார்க்கிறார். அடி மட்டும் ஏனோ ஆபீஸ் நேரத்தில் விழுவதில்லை.

சட்டம் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். வயது வந்த பெண்ணின் சம்மதம் இல்லாமல் கட்டாயமாகப் போலீஸுக்குத் தகவல் கொடுப்பதை அந்த 2013 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. குழந்தை என்றால் கதை வேறு. பல நாடுகளில் சொல்லியே ஆக வேண்டும். தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தைக்குக் கன்றிய தடம் தானாக வருவது மிக அரிது. நான்கு மாதத்துக்குக் குறைவான குழந்தையின் உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும், நான்கு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, காது, கழுத்தில் கன்றியிருந்தாலும் நின்று விசாரிக்க வேண்டும். எதை நாங்கள் ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று தெரியாமல், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மீறினால், அந்த அம்மாவின் முகத்தில் யார் முழிப்பது?

அப்புறம் நம் காகிதங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும்: 'கணவர் வலது கையால் காதில் அறைந்ததாகக் கூறுகிறார்' என்று. உடம்பு வரைபடத்தில் ஒவ்வொரு காயத்தையும் அளந்து குறிக்க வேண்டும். பல வருஷம் கழித்துக் கோர்ட்டில் அந்தத் தாள் ஒன்றுதான் பேசும். அதே விஷயத்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் அச்சடித்து, கணவர் கையில் இருக்கும் ஃபைலுக்குள் வைத்து அனுப்பக் கூடாது. போன வாரம்கூட மறுபரிசோதனைக்கான நினைவூட்டல் குறுஞ்செய்தி, எந்தப் பிரிவு என்ற பெயரோடு, பதிவில் இருந்த எண்ணுக்குப் போனது. பதிவில் இருந்தது யார் எண் என்று சொல்லவா? "எந்த நம்பருக்குக் கூப்பிட்டால் உங்களுக்குப் பிரச்சனை வராது?" என்று ஒரு கட்டம் சேருங்கள். உதவி எண்ணைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், கூட யாரும் வர முடியாத இடம் அது ஒன்றுதான். வெளியே ஹாலில் பெரிய போஸ்டர் வைப்பதால் அதற்குக் கீழே நிற்கக்கூட அவர்கள் தயங்குகிறார்கள்.

கடைசியாக எங்களைப் பற்றி. உலகம் முழுக்கப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் துணைவரின் அடியையோ பாலியல் வன்முறையையோ, மற்றவரின் பாலியல் வன்முறையையோ வாழ்நாளில் ஒருமுறையாவது சந்தித்திருக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெள்ளை யூனிஃபார்ம் போட்டால் அந்தக் கணக்கிலிருந்து பெயர் நீங்கிவிடாது. எங்கள் ஓய்வறையில் முழுக்கை ஸ்வெட்டர் கழற்றாத ஒருத்தி இருந்தாள். பேஷன்ட்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் குரல் மட்டும் மாறும். ஒரு நாள் வாசலில் வந்து நின்ற ஆளுக்கு, "அவங்களுக்கு இன்னிக்கு டூட்டி முடிஞ்சுது, பின் கேட் வழியா போவாங்க" என்று நம் ரிசப்ஷனிலிருந்தே வழி சொல்லி அனுப்பினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கணவர்தானே என்று நினைத்தார்கள். ஊழியரின் டூட்டி நேரத்தை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று ஓர் உத்தரவு போட எவ்வளவு நேரம் ஆகும்? பயிற்சி நடக்கும்போதும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு அது பாடமல்ல என்பதை மனதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். நடுவில் எழுந்து வெளியே போனால் ஏன் என்று கேட்க வேண்டாம்.

இடம் இல்லை என்று பதில் வரும், தெரியும். டிரெஸ்ஸிங் அறைக்கு அடுத்து ஒரு ஸ்டோர் ரூம் இருக்கிறது. பழைய கேஸ் ஷீட் கட்டுகளும், சக்கரம் போன இரண்டு டிராலியும், யாரும் பயன்படுத்தாத ஒரு எடை மெஷினும் அதில் கிடக்கின்றன. கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது. இரண்டு நாற்காலி போட்டால் போதும். எடை மெஷினை அங்கேயே விட்டுவிடலாம், உள்ளே கூட்டிப்போகக் காரணம் ஆயிற்று. அடுத்த வாரம் எனக்கு நைட் டூட்டி. நீங்கள் சரி என்று சொன்னால், டூட்டி முடிந்த கையோடு காலையில் இருந்து அந்தக் கட்டுகளை நானே இறக்கி வைக்கிறேன். கூட வர மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரவுப் பணி நர்ஸ்களில் ஒருத்தி